இடுப்புக்கு மேலே, அக்குளுக்குக் கீழே

பக்கவாட்டு ஆசனங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

தினமும் பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குக் கார் ஓட்டுகிறேன். மாலையில் வலப்பக்க இடுப்பு மரக்கட்டையாகிவிடுகிறது. பக்கவாட்டில் வளைந்தால் சரியாகுமா?
- பிறை வாசகர்

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர்தான். ஆனால் மாலை ஆறு மணிக்கு அது எவ்வளவு நீளம் என்பது அதில் மாட்டியவருக்குத்தான் தெரியும்.

முதுகெலும்பு முன்னே குனியும், பின்னே வளையும், திரும்பும், பக்கவாட்டிலும் சாயும். இந்த நான்கில் நாள் முழுக்க நாம் செய்யாமலே விடுவது கடைசியைத்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, முதுகெலும்பை ஒட்டி, இரண்டு பக்கமும் சதுரமாக ஒரு தசை இருக்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் அங்கே பிடித்துக்கொள்ளும். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து ஓட்டுபவரா நீங்கள்? முதலில் அதை எடுங்கள்.

காரை விட்டு இறங்கியதும் கால்களை இடுப்பகலத்துக்கு வைத்து நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி வலக்கையை மேலே தூக்குங்கள். உடனே சாய வேண்டாம். முதலில் விலா இடுப்பிலிருந்து மேலே எழும்பட்டும். அப்புறம் மூச்சை விட்டபடி இடப்பக்கம் சாயுங்கள். இரண்டு பாதத்திலும் எடை சமமாக இருக்க வேண்டும். ஐந்து மூச்சு இருந்துவிட்டு மறுபக்கம். அர்த்த கடி சக்ராசனம் என்பது இதுதான். 'கடி' என்றால் இடுப்பு.

பெரும்பாலான பிடிப்பு இதில் தளரும். ஆனால் வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ ஆசனத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இடுப்புச் சதை குறையுமா?
- பிரிக்பீல்ட்ஸ் வாசகி

குறையாது. ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்கும் ஆசனம் எதுவும் இல்லை. கல்லீரல் நச்சு பிழிந்து வெளியேறும் என்று வாட்சாப்பில் வருவதையும் விட்டுத்தள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் மீ கோரேங்கும் தே தாரிக்கும் உண்டா? பேச்சை அங்கே ஆரம்பிக்கலாம்.

தண்ணீர்மலை கோயில் படியேறினால் மூச்சு வாங்குகிறது. இந்த ஆசனங்கள் நுரையீரலைப் பெரிதாக்குமாமே?
- ஜார்ஜ்டவுன் வாசகர்

நுரையீரல் பெரிதாகாது. அதைச் சுற்றியுள்ள கூடு இளகும். 12 ஜோடி விலா எலும்புகள், அவற்றுக்கிடையே தசைகள். கூன்போட்டு உட்கார்ந்தே பழகியவர்களுக்கு அந்தக் கூடு விரிய மறுக்கும், மூச்சு மேல்மார்போடு நின்றுவிடும். இடப்பக்கம் சாய்ந்தபடி வலது விலாமேல் கையை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். விலா கையைத் தள்ளுகிறதா? அதுதான் இந்த ஆசனத்தின் பலன். என் வகுப்பில் யார் எவ்வளவு வளைந்தார்கள் என்று நான் பார்ப்பதே இல்லை, அந்த விலா அசைகிறதா என்றுதான் பார்ப்பேன்.

மற்றபடி, படியேறத் தெம்பு வேண்டுமென்றால் படிதான் ஏற வேண்டும். மூச்சிரைப்பு புதிதாக வந்திருந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ முதலில் மருத்துவப் பரிசோதனை. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை நிறுத்தவே கூடாது.

அம்மாவுக்கு வயது 68, எலும்புத் தேய்மானம் இருக்கிறது. செய்யலாமா?
- செந்தூல் வாசகி

டாக்டர் சரி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து செய்யட்டும். ஒரு கை நாற்காலியைப் பிடித்திருக்க, மறுகை மேலே. லேசான சாய்வு போதும். ஆழமாகக் குனிவதும், வேகமாக முறுக்கித் திரும்புவதும் அம்மாவுக்கு வேண்டாம்.

கால்களை அகல விரித்துப் பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் என் கை தரையைத் தொடுவதே இல்லை.
- பட்டர்வொர்த் வாசகர்

தொட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் தரையைத் தொட்டே தீருவேன் என்று நின்றவன்தான். கை தரைக்குப் போனது. மேல்தோள் முன்னால் கவிழ்ந்தது. நீள வேண்டிய விலாப்பக்கம் சுருங்கியது. கையைக் கெண்டைக்காலில் வையுங்கள், முழங்கால் மூட்டின்மேல் மட்டும் ஊன்றாதீர்கள். கழுத்துவலி இருந்தால் மேலே பார்க்காமல் தரையைப் பாருங்கள். யோகா கட்டை இருந்தால் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்து அதன்மேல் கையை ஊன்றலாம். கட்டை இல்லையா? பெரிய மைலோ டின் போதும். நிறைந்த டின்னாக இருக்கட்டும், காலி டின் வழுக்கும்.