பாதத்தைப் பார்ப்பது: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பாவுக்கு 58 வயது. அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். ஐந்து மாதத்துக்கு முன்பு தொழுநோய் என்று கண்டுபிடித்தார்கள். முதுகில் பல வருடமாக இருந்ததைத் தேமல் என்று நினைத்து விட்டுவிட்டோம். 12 மாத மாத்திரை சாப்பிடுகிறார். முகம் கறுத்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் மடங்கிவிட்டது, பாதத்தில் உணர்ச்சி இல்லை. ஆவணியில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது கையை எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் சித்தப்பா நிற்கட்டும் என்கிறார் அத்தை. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, மறைப்பதா? இது பரம்பரை நோயா? அப்பாவே கேட்டு வாங்கித் தனித்தட்டு வைத்துக்கொண்டார். என்ன பாவம் செய்தோமோ தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். பாவம் என்ற சொல்லை இனி அந்த வீட்டில் எடுக்காதீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். இந்த நோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டுபிடித்துவிட்டார். படித்த பெண் நீங்கள். உங்கள் அப்பா காதில் அந்தச் சொல் விழுந்தால் என்ன ஆவார் என்று யோசித்தீர்களா? தனித்தட்டை அவர் கேட்டார் சரி, நீங்கள் ஏன் வாங்கிக் கொடுத்தீர்கள்?

பரம்பரை நோய் இல்லை. பெரும்பாலானவர்கள் உடம்புக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கியதுமே பரவுவதும் நின்றுவிடுகிறது. முகம் கறுப்பது மாத்திரையால், நிறுத்திய பிறகு மெல்ல மாறிவிடும். மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள். எழுந்து போகிறவர்கள் இப்போதே போகட்டும். 2019 வரை இந்த நோயைக் காட்டி விவாகரத்து கேட்க நம் சட்டமே இடம் கொடுத்திருந்தது. இப்போது அது இல்லை. அத்தையிடமும் இதைச் சொல்லுங்கள்.

‘பாதத்தில் உணர்ச்சி இல்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

போன மாதம் ஊரில் எங்கள் பழைய மாட்டுக்கொட்டகையை இடித்தார்கள். பரணில் ஓர் அலுமினியத் தட்டு கிடைத்தது. என் சின்னத் தாத்தாவுடையது. கடைசிப் பதினோரு வருடம் அவர் அந்தக் கொட்டகையில்தான் இருந்தார். அப்பாயி எட்ட நின்று அந்தத் தட்டில் சோற்றைப் போடுவாள். கெட்டவள் இல்லை அவள். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவருக்குத்தான். ஆனாலும் எட்ட நின்றுதான் போடுவாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பனையோலையில் காற்றாடி செய்து தருவார் என்று ஒளிந்து ஒளிந்து போவேன். இடது கையாலும் பல்லாலும் பிடித்துச் செய்வார். ஒருநாள் போனபோது கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்காலில் லாட ஆணி ஒன்று முழுக்க இறங்கியிருந்தது. கொண்டை மட்டும் தெரிந்தது. அதோடுதான் அவர் நடந்திருக்கிறார். எழுப்பப் போனேன், அப்பாவின் இருமல் கேட்டது. அங்கே பார்த்தால் தோலை உரித்துவிடுவார். ஓடி வந்துவிட்டேன். அப்புறம் யாரிடம் சொல்வது? சொன்னால் போனது தெரிந்துவிடும். ஐந்தாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் பெரியவர்கள் பார்த்தார்கள். கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று ஊரெல்லாம் நம்பியது. மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் வேலை பார்த்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடிக்கொண்டு போனார். சூடான பாத்திரம், முள், கையை அறுக்கும் அளவுக்கு இறுக்கித் திருகிய சாவி, இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. ராத்திரியில் விரல் குறைகிறதே என்று பார்த்தால், எலி கடித்திருந்தது. வலி இல்லாததால் தூங்குகிறவர் விழிக்கவில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கிருமியைக் கொல்ல 1981 முதல் கூட்டு மருந்து இருக்கிறது. அப்பா குணமாகிவிடுவார், சந்தேகமே வேண்டாம். ஆனால் நாள்பட்டுச் செத்துப்போன நரம்பை எந்த மாத்திரையும் எழுப்பாது. பன்னிரண்டாவது அட்டை தீர்ந்த பிறகும் அந்தப் பாதம் அப்படியேதான் இருக்கும். அது உள்ளங்கால் அம்மா. அவராகப் பார்ப்பது கஷ்டம். கையாலும் தடவித் தெரிந்துகொள்ள முடியாது, கையும் மரத்திருக்கும். அதற்கு இன்னொருவர் கண்ணும் கையும் வேண்டும். ஒருவரை ஒதுக்கி வைக்கும்போது இந்த இரண்டையும்தான் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். சின்னத் தாத்தாவின் கால் போனதற்கு நாங்கள் எட்ட நின்றதுதான் காரணம். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

ஆகவே தினமும் ராத்திரி ஒரு அகலமான பேசினில் பச்சைத் தண்ணீர் வைத்து, அவர் காலை இருபது நிமிடம் ஊறவிடுங்கள். வெந்நீர் கூடாது, கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாது. தடித்த தோலை மெல்லத் தேய்த்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவுங்கள். விரலிடுக்கு, குதிகால், ஓரம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே புண் கிளம்புகிறது, அன்றிலிருந்து காலுக்கு ஓய்வு. புதிதாக எங்கேயாவது மரத்தாலோ, நரம்பு வலித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள், தாமதிக்காமல் பார்த்தால் அந்த நரம்பைக் காப்பாற்ற வழி இருக்கிறது. செருப்பு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில், ஆணி அடிக்காததாக இருக்கட்டும். டீயை எவர்சில்வர் டம்ளரில் கொடுக்காதீர்கள்.

தட்டு மாற்ற அப்பாதான் நிற்க வேண்டும், அவரே மாட்டேன் என்றாலும். மேடையில் வெறுங்காலோடு நிற்பார், மண்டபத்தில் குண்டூசியும் கிடக்கும், பந்தல்காரர்கள் விட்ட ஆணியும் கிடக்கும். அன்றைக்கு நீங்கள் எவ்வளவு களைத்துப் போயிருந்தாலும், பட்டுப்புடவையைக்கூட மாற்ற வேண்டாம், முதலில் அவர் காலை மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள்.