ஃப்ரீ ஏஜென்ட் சண்டை: யாரை எடுக்கலாம் என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். சீசன் முடிந்ததுமே ஆபீஸில் ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகக்கூடிய ஆட்டக்காரர்) சண்டை ஆரம்பித்துவிடுகிறது. ஒருவர் சீசனுக்கு 40 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிக்கிற ஆள் வேண்டும் என்கிறார், இன்னொருவர் பெரிய பிட்சர் (பந்து எறிபவர்) இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார், மூன்றாமவர் "காசு ஓனருடையது, எல்லாரையும் எடுக்கட்டும்" என்கிறார். எனக்கு கிரிக்கெட் தெரியும், ஐபிஎல் ஏலம் தெரியும், இது பிடிபடவில்லை. யார் சொல்வது சரி, எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

பதில்:

ஐபிஎல் ஏலத்தை முதலில் மறந்துவிடுங்கள். அங்கே எல்லா அணிக்கும் செலவுக்கு ஒரே வரம்பு, அதிகம் கேட்டவரிடம் ஆட்டக்காரர் போயே ஆகவேண்டும். இங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, எங்கே போவது என்று முடிவு செய்வது ஆட்டக்காரர். மனைவிக்கு ஊர் பிடிக்கவில்லை என்பதுகூட ஒரு காரணமாக இருக்கலாம். "நம்ம டீம் ஏன் அவரை எடுக்கவில்லை" என்ற கேள்விக்குப் பாதி நேரம் "அவர் வர விரும்பவில்லை" என்பதுதான் பதில்.

இந்த உரிமை சும்மா வரவில்லை. கர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரர் 1969-இல் தன்னைக் கேட்காமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குப் போட்டு 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975 இறுதியில் மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்களுக்குச் சாதகமாக, தொழில் தகராறைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்புக் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. அதன் பிறகு ஓனர்களும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, பெரிய லீக்கில் 6 வருடம் முடித்தவர்தான் ஃப்ரீ ஏஜென்ட். ஒரு வருடம் என்றால் 172 நாள் கணக்கு. 2015-இல் சிகாகோ கப்ஸ் கிறிஸ் பிரையன்ட்டை சீசன் தொடங்கிச் சில நாள் கழித்து மைனர் லீக் என்ற கீழ்நிலை லீக்கிலிருந்து கூப்பிட்டதால் அவருக்கு 171 நாள்தான் சேர்ந்தது, அந்த ஒரு நாளுக்காக விடுதலை ஒரு வருடம் தள்ளிப்போனது. அவர் புகார் கொடுத்தும் பயனில்லை.

இந்த விதியை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஆபீஸ் விவாதத்துக்கு அடிப்படையே இதில்தான் இருக்கிறது. 23, 24 வயதில் வருகிறவர் 6 வருடம் முடித்துச் சந்தைக்கு வரும்போது 30-ஐத் தொட்டிருப்பார். அடிக்கிறவர்களின் உச்சம் பொதுவாக 20-களின் பின்பாதியில். அதாவது உச்சத்தை ஏற்கனவே வேறொரு அணி குறைந்த சம்பளத்துக்கு அனுபவித்துவிட்டது, இறங்கப்போகும் வருடங்களைத்தான் நீங்கள் பெரிய விலைக்கு வாங்குகிறீர்கள். அதே பிரையன்ட் 2022 மார்ச்சில் 30 வயதில் கொலராடோவுடன் 7 வருடம், 18.2 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். காயங்களால் முதல் நான்கு சீசனும் சேர்த்து 200 ஆட்டம்கூட ஆடவில்லை.

அதனால் என்னைக் கேட்டால் ஒரு பெயர் வந்ததும் பார்க்க வேண்டியது சம்பளம் இல்லை, வயதும் வருடங்களும்தான். வருடத்துக்கு 3 கோடி டாலர் என்று 3 வருடத்துக்குக் கொடுப்பது பெரிய ஆபத்தில்லை. வருடத்துக்கு 2 கோடி என்று 8 வருடத்துக்குக் கொடுப்பதில் இருக்கிறது ஆபத்து.

இப்போது முதல் நண்பரின் 40 ஹோம் ரன். கிறிஸ் டேவிஸ் 2015-இல் பால்டிமோருக்கு 47 அடித்தார், 2016 ஜனவரியில் அதே அணி 7 வருடம், 16.1 கோடி டாலர் கொடுத்தது. 2018-இல் அவருடைய பேட்டிங் சராசரி (இங்கே அது ரன் இல்லை, எத்தனை முறைக்கு எத்தனை ஹிட், அதாவது அடித்து பேஸைச் சேர்வது, என்ற விகிதம்) .168. அந்த வருடக் கடைசியிலும் 2019 தொடக்கத்திலுமாகச் சேர்த்து 54 முறை தொடர்ந்து ஒரு ஹிட்டும் இல்லாமல் போனார், அது இன்றும் ஒரு மோசமான சாதனை. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போதே 2021-இல் ஓய்வு பெற்றார். அவருடைய ஹோம் ரன் எண்ணிக்கையில் பொய் எதுவும் இல்லை, ஆனால் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது) எக்கச்சக்கம். மட்டையின் வேகம் கொஞ்சம் குறைந்தால் அப்படிப்பட்டவரிடம் வேறு எதுவும் கையிருப்பில் இருக்காது.

ரேஞ்சர்ஸிலேயே உதாரணம் வேண்டுமா? ஜாக் பீடர்சன் 2024-இல் அரிசோனாவுக்கு .275 அடித்தார், 2 வருடம், 3.7 கோடி டாலருக்கு எடுத்தார்கள், 2025-இல் .181. பிட்சர் மார்ட்டின் பெரெஸ் 2022-இல் வெறும் 40 லட்சம் டாலருக்கு வந்து 2.89 ஈஆர்ஏ-வில் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன், குறைவாக இருந்தால் நல்லது) எறிந்தார், அடுத்த வருடம் 1.965 கோடி டாலருக்கு நிறுத்திக்கொண்டார்கள், ஈஆர்ஏ 4.45-க்கு ஏறியது. போன வருட எண் என்பது போன வருடம் நடந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது.

அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்க்க வழி இருக்கிறது, இலவசமாகவே. பேஸ்பால் சவான்ட் தளத்தில் பெயரைத் தட்டுங்கள். அடிக்கிறவர் என்றால் பந்தை எவ்வளவு வேகமாக அடிக்கிறார் என்பதற்கு எக்ஸிட் வெலாசிட்டி, ஸ்ட்ரைக் ஸோனுக்கு (அடிக்கத் தகுந்த பந்து வரும் எல்லைக்கு) வெளியே போகும் பந்தைத் துரத்துகிறாரா, எத்தனை முறை சுழற்றியும் பந்து படவில்லை, இந்த மூன்றையும் மூன்று வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரி ஏறியிருக்கிறது, ஆனால் அடியின் வேகம் வருடா வருடம் இறங்குகிறது என்றால் ஓடிவிடுங்கள். பிட்சர் என்றால் ஈஆர்ஏ-வை விட ஸ்ட்ரைக் அவுட் விகிதத்திலிருந்து வாக் (நாலு வெளிப்பந்து எறிந்து சும்மா பேஸைக் கொடுப்பது) விகிதத்தைக் கழித்து வருவதை நம்பலாம், கூடவே ஃபாஸ்ட்பாலின் வேகம் குறைகிறதா என்று ஒரு கண். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக வேண்டும் என்றால் 'வார்' இருக்கிறது: மைனர் லீக்கிலிருந்து கூப்பிடக்கூடிய ஒரு சாதாரண ஆளை விட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்ற கணக்கு. சந்தையில் ஒரு 'வார்' சுமார் 80 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தோராயமாக விலை போட அது போதும்.

மைதானத்தையும் கழிக்க வேண்டும். கொலராடோ அணியின் ஊரான டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, மெல்லிய காற்றில் பந்து பறக்கும், அங்கே அடித்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் தப்பு. டிஜே லெமாஹியூ கொலராடோவிலிருந்து 2019-இல் யாங்கீஸுக்கு 2 வருடம், 2.4 கோடி டாலருக்குப் போனபோது நிறையப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள், அவர் முதல் வருடம் .327 அடித்தார், 2020-இல் .364 அடித்து லீக்கின் பேட்டிங் பட்டத்தையே எடுத்தார்.

அடுத்து பிட்சர் கேட்கும் நண்பர். அவரிடம் ஒன்று கேளுங்கள்: 2025-இல் பெரிய லீக்கிலேயே சிறந்த ஈஆர்ஏ எந்த அணிக்கு? ரேஞ்சர்ஸுக்கு, 3.47. அப்படி எறிந்தும் 81 வெற்றி, 81 தோல்வி, ஏனென்றால் அடிக்க ஆள் இல்லை. ஓட்டை எங்கே என்று பார்க்காமல் பெயரைச் சொன்னால் இப்படித்தான் ஆகும். எடுக்க நினைக்கும் ஆள் யாருடைய இடத்தில் ஆடப்போகிறார், அந்த இடத்தில் இப்போது இருப்பவர் எவ்வளவு தருகிறார், வித்தியாசம் எத்தனை வெற்றி? ஏற்கனவே நல்ல ஆள் இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நல்லவரை 20 கோடிக்குப் போடுவதை விட, ஆளே இல்லாத இடத்தில் நடுத்தரமானவரை 1 கோடிக்குப் போட்டால் வெற்றி அதிகம் வரும். இது சுவாரசியம் இல்லாத பேச்சு, ஆபீஸில் எடுபடாது, ஆனால் உண்மை.

ஆனாலும் பிட்சர் நண்பரை முழுசாகத் தள்ளிவிட முடியாது, பிட்சர்கள் உடைவார்கள், கையில் நாலைந்து பேர் கூடுதலாக இருந்தே ஆகவேண்டும். ரேஞ்சர்ஸ் எடுத்த பிட்சர் ஜேகப் டிக்ராமைப் பாருங்கள். 2022 டிசம்பரில் 5 வருடம், 18.5 கோடி டாலர். 2023-இல் ஆறே ஆட்டம் எறிந்துவிட்டு முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார், 2024-இல் மூன்று ஆட்டம், 2025-இல் 30 ஆட்டத்தில் 2.97. அதே மாதம் 2 வருடம், 3.4 கோடி டாலருக்கு வந்த நேதன் இயோவால்டிதான் 2023 பிளே ஆஃபில் 5 ஆட்டம் ஜெயித்து ஒன்றிலும் தோற்காமல் கோப்பைக்கு வழிபோட்டார். பிட்சரை நீண்ட ஒப்பந்தத்தில் எடுப்பதை விட, இப்படி இரண்டு மூன்று பேரைக் குறுகிய ஒப்பந்தத்தில் எடுப்பதைத்தான் நான் விரும்புவேன். டிக்ராம் போன்றவர் கிடைத்தால் மனசு கேட்காது, அது வேறு விஷயம்.

மூன்றாமவருக்கு வருவோம். காசு ஓனருடையதுதான், அவர் ஏழையாகிவிடுவார் என்று நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் ஓனர்கள் தாங்களே ஒரு கோடு போட்டுக்கொண்டு அதைத் தாண்டத் தயங்குகிறார்கள், அந்தக் கோடுதான் லக்ஷரி டாக்ஸ். 2025-இல் 24.1 கோடி டாலர், 2026-இல் 24.4 கோடி. தாண்டினால் தாண்டிய தொகைக்கு முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருடம் 30, மூன்றாவதில் 50, ரொம்பத் தாண்டினால் அதற்கு மேல் கூடுதல் வரி. கணக்கில் வருவது அந்த வருடம் கையில் கொடுக்கும் சம்பளம் இல்லை, மொத்த ஒப்பந்தத்தின் வருடச் சராசரி. டாட்ஜர்ஸ் அணியின் ஷோஹெய் ஓட்டானியின் 10 வருட, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 6.8 கோடியைத் தள்ளிவைத்து 2034-இலிருந்து கொடுப்பதால், இன்றைய மதிப்பில் வரிக்கணக்கில் வருடத்துக்கு சுமார் 4.6 கோடிதான் ஏறுகிறது. டாட்ஜர்ஸ் திருடுகிறது என்று கத்துகிறவர்களுக்கு: விதி எல்லா அணிக்கும் ஒன்றுதான்.

பணம் தவிர இன்னொரு விலையும் இருக்கிறது, அதை ஆபீஸில் யாரும் சொல்வதில்லை. பழைய அணி ஒருவருக்கு குவாலிஃபையிங் ஆஃபர் (நிர்ணயித்த சம்பளத்துக்கு ஒரு வருட ஒப்பந்தம்) கொடுத்து (2025 முடிவில் அது 2.2 கோடி டாலரைச் சற்றுத் தாண்டியது) அவர் மறுத்துவிட்டு உங்களிடம் வந்தால், உங்கள் அணி டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது) ஒரு தேர்வை இழக்கும். வரி கட்டும் அணி என்றால் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த தேர்வு இரண்டும் போய்விடும், வெளிநாட்டு இளைஞர்களை எடுக்கும் நிதியிலும் 10 லட்சம் டாலர் வெட்டு. ஒரே தரத்தில் இரண்டு பேர் இருந்தால் இந்தச் சுமை இல்லாதவரைச் சொல்லுங்கள். சீசன் நடுவில் அணி மாறியவருக்கும், முன்பு ஒரு முறை இந்த ஆஃபர் வாங்கியவருக்கும் இதைக் கொடுக்க முடியாது, அவர்களைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு பயமுறுத்திவிட்டுச் சொல்கிறேன், பெரிய ஒப்பந்தமே போடக்கூடாது என்பவனில்லை நான். 2021-இல் 102 ஆட்டம் தோற்ற ரேஞ்சர்ஸ் அந்தக் குளிர்காலத்தில் கோரி சீகருக்கு 10 வருடம் 32.5 கோடி, மார்கஸ் செமியனுக்கு 7 வருடம் 17.5 கோடி கொடுத்தபோது, தோற்கிற அணிக்கு இது எதற்கு என்று கேட்காதவர் இல்லை. 2022-இலும் 94 தோல்வி. 2023-இல் அணியின் முதல் உலகத் தொடர் கோப்பை, சீகர்தான் அதில் சிறந்த ஆட்டக்காரர். கையெழுத்துப் போடும்போது சீகருக்கு 27, செமியனுக்கு 31, அந்த நாலு வயது வித்தியாசம் அப்படியே தெரிந்தது. செமியனை ஒப்பந்தத்தில் மூன்று வருடம் மிச்சம் இருக்கும்போதே 2025 நவம்பரில் மெட்ஸுக்கு அனுப்பி பிராண்டன் நிம்மோவை வாங்கினார்கள். கோப்பை வந்துவிட்டது, கடைசி வருடங்கள் கசந்தால் என்ன? நல்ல பேரம் என்றுதான் நான் சொல்வேன். கொலராடோவும் பால்டிமோரும் கோப்பை இல்லாமல் கசப்பை மட்டும் வாங்கின.

யாருக்காவது சல்லிசாக முடியும் என்று பந்தயம் கட்ட வேண்டும் என்றால் பிப்ரவரி வரை காத்திருப்பவர்களைக் கவனியுங்கள். உலகத் தொடர் முடிந்து 5 நாளில் மற்ற அணிகளோடு கையெழுத்துப் போடலாம், டிசம்பரில் எல்லா அணி நிர்வாகமும் கூடும் விண்டர் மீட்டிங்ஸில் பெரியவை சில முடியும், மிச்சம் ஜனவரி, பிப்ரவரிக்கு இழுக்கும். பிளேக் ஸ்னெல் 2024 மார்ச் வரை நின்று 2 வருடம் 6.2 கோடிதான் பெற்றார், ஆனால் ஒரு வருடத்தில் விலகிக்கொள்ளும் உரிமையோடு, அதைப் பயன்படுத்தி அடுத்த குளிர்காலமே டாட்ஜர்ஸிடம் 5 வருடம் 18.2 கோடி வாங்கிவிட்டார். அந்த விலகும் உரிமை இருந்தால் நன்றாக ஆடினால் ஆட்டக்காரர் போய்விடுவார், மோசமாக ஆடினால் உங்கள் தலையில் இருப்பார், ஒப்பந்தச் செய்தி படிக்கும்போது அந்த வரியைத் தவறவிடாதீர்கள்.

இந்தக் கால அட்டவணை எல்லாம் ஓனர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான பொது ஒப்பந்தம் அமலில் இருக்கும்வரைதான். 2021 டிசம்பர் 2-இல் ஓனர்கள் கதவைச் சாத்தி 99 நாள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள், சீகரும் செமியனும் அவசரமாகக் கையெழுத்துப் போட்டது அதற்கு முன்னால்தான். இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது, அந்த வருடம் உங்கள் ஆபீஸ் சண்டையை நவம்பரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.