கடற்கரைக்காரர் மலையேறினால்: வாசகர் கேள்வி – பதில்

நேபாளத்தின் அன்னபூர்ணா மலைச்சுற்றுப் பாதையில் எங்கள் குழு நடந்து வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துத் திருகோணமலையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஒரே பாடசாலையில் படித்த எட்டுப் பேர், வருகிற ஒக்டோபரில் அதே பாதையில் நடந்து தொரோங் கணவாயைக் கடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். பத்து நாட்களே விடுமுறை. எல்லோரும் பந்தடித்தும் கடலில் நீந்தியும் வளர்ந்தவர்கள், உடல் வலுவுக்குக் குறைவில்லை. இது போதுமா?
— ஒரு வங்கி ஊழியர், உவர்மலை

வலு போதும், நாட்கள் போதாது.

நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர், சிவனொளிபாதத்தின் உயரம் 2,243 மீற்றர். உயர்மலை நோய் பொதுவாகத் தொடங்குவதோ 2,500 மீற்றருக்கு மேலேதான். ஆகவே இலங்கையின் எல்லா மலைகளிலும் ஏறி இறங்கியவருக்குக்கூட, அதற்கு மேலே தம் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தொரோங் கணவாய் 5,416 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் பாதியாகிவிடும். இந்தக் குறைவுக்கு உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். வயதோ விளையாட்டுப் பயிற்சியோ அந்த நாட்களைக் குறைப்பதில்லை. கால் வலு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில வேளைகளில் அவர்களே முதலில் விழுகிறார்கள்.

மலை வைத்தியர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீற்றரைத் தாண்டிய பின், இன்றிரவு தூங்கும் இடம் நேற்றிரவு தூங்கிய இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னுமோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய்வந்தாலும் கணக்கில் வருவது படுக்கும் உயரந்தான். இந்தக் கணக்கின்படி சுமார் 2,670 மீற்றரில் உள்ள சாமேயில் ஓர் இரவு, 3,200 மீற்றரில் பிசாங்கில் ஓர் இரவு, 3,540 மீற்றரில் மனாங்கில் மூன்று இரவுகள், பின்னர் யாக் கர்க்காவிலும் தொரோங் பேடியிலும் ஒவ்வோர் இரவு தங்கிக் கணவாயைக் கடக்கலாம். காத்மண்டுவிலிருந்து போகவர எடுக்கும் நாட்களையும், வானிலைக்கென்று கையிருப்பாக வைக்கும் இரண்டு நாட்களையும் சேர்த்தால் பதினான்கு நாட்களுக்குக் குறையாது. இப்போது மனாங் வரை ஜீப் ஓடுகிறது. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அதில் ஒரேயடியாக மனாங்கில் போய் இறங்குவது, உங்களைப் போன்ற கடல்மட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக மோசமான யோசனை.

எங்கள் குழுவில் நடந்ததையும் சொல்கிறேன். எங்களில் இளையவன், எல்லோரையும்விடத் திடகாத்திரமானவன், மனாங்கிலேயே தலையிடி தொடங்கியிருந்தும் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடுமே என்று மறைத்துவிட்டான். யாக் கர்க்காவில் மாலை விடுதி வாங்கில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றப் பார்த்தவன், நாடாவின் ஒரு நுனியைப் பிடித்து இழுப்பதும் விடுவதுமாக வெகுநேரம் இருந்தான். குளிரில் விரல் விறைத்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். எங்கள் வழிகாட்டி சிரிக்கவில்லை. அவனை எழுப்பி, முற்றத்துக் கற்பாவலின் ஓரமாக ஒரு குதிகாலை மறுபாதத்தின் விரல்நுனியோடு ஒட்டவைத்து நேராக நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் அவன் சரிந்தான். மூளையில் வீக்கம் தொடங்கியிருப்பதற்கான அடையாளம் அதுதான். விடியட்டும் என்று காத்திராமல், தலைவிளக்குகளோடு அன்றிரவே வழிகாட்டியும் நானும் அவனை மனாங்குக்கு இறக்கினோம். மறுநாள் மதியம் அவன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். கணவாயை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

ஆகவே, புறப்படுமுன் எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்து சில உடன்பாடுகளுக்கு வாருங்கள். தலையிடி, பசியின்மை, குமட்டல் எதையும் யாரும் மறைக்கக் கூடாது. அவை இருக்கும்வரை அவர் மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். இறங்குபவரைத் தனியே அனுப்பக் கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, விவாதமில்லாமல் உடனே இறக்க வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி போதாது. ஒருவர் நோயாளியோடு கீழே போனால் மற்றவர்களோடு நிற்க இன்னொருவர் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இந்தப் பாதையில் வெளிநாட்டவர் வழிகாட்டியுடன்தான் போகலாம் என்ற விதியும் இருக்கிறது. காப்புறுதி எடுக்கும்போது அது எத்தனை மீற்றர் உயரம் வரை செல்லும் என்று பார்த்து எடுங்கள்.

அசற்றசோலமைட் என்ற குளிசை உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். விரல் நுனிகள் கூசும், அடிக்கடி சிறுநீர் போகும்; சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நாட்களைக் குறைப்பதற்கு அதை ஓர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1973 இல் தொடங்கப்பட்ட இமாலய மீட்புச் சங்கம், நடைப்பயணக் காலத்தில் மனாங்கில் ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது. அங்கே வைத்தியர்கள் உயர்மலை நோய் பற்றிப் பயணிகளுக்கு விளக்கம் சொல்வார்கள். எட்டுப் பேரும் போய்க் கேளுங்கள்.

கடற்றொழில் செய்பவன் நான். ஒக்டோபர், நவம்பர் என்றால் எங்களுக்குப் புயல் பயம். இமயமலைக்கு அதுவே நல்ல காலம் என்று எழுதியிருக்கிறீர்களே?
— ஒரு வாசகர், நிலாவெளி

இரண்டும் உண்மை. தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் கடைசியில் நேபாளத்தை விட்டு விலகத் தொடங்க, ஒக்டோபரில் அங்கே வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்கும். நமக்கு அப்போதுதான் வாடைக்காலம் நெருங்குகிறது.

ஆனாலும் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 12 அன்று வங்கக் கடலிலிருந்து விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயல் அங்கேயே ஓய்ந்துவிடவில்லை. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து இமயத்தில் மோத, 14 ஆம் திகதி தொரோங் கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் பெரும்பனி கொட்டியது. பாதை தெரியாமல் குளிரிலும், பனிச்சரிவிலும் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். நம் வீட்டு வாசலில் அலையடிக்கும் அதே கடலில் எழுந்த புயல் அது. 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, எந்த வானிலை அறிவித்தலைக் கேட்டு நீங்கள் வள்ளத்தைக் கரையேற்றுகிறீர்களோ, அதையே மலைக்குப் போகிறவர்களும் கேட்க வேண்டும். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகி வடக்கே நகர்கிறது என்றால், கணவாய்க்குக் கீழேயே இருந்துவிட வேண்டும். கையிருப்பாக இரண்டு நாட்கள் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மலையில் தொலைபேசித் தொடர்பு எல்லா இடத்திலும் இருக்காது. கிடைக்கும் இடங்களில் ஊரில் உள்ள ஒரு கடற்றொழிலாளியிடம் கேட்டுக்கொள்வது என் கருத்தில் நல்ல ஏற்பாடு.

எவ்வளவு தடிப்பான ஜக்கெற் வாங்க வேண்டும்? பை எவ்வளவு பாரம் இருக்கலாம்? நிலாவெளி மணலில் தினமும் நடந்து பழகுகிறேன்.
— ஒரு பல்கலைக்கழக மாணவி, அன்புவழிபுரம்

ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். திருகோணமலையில் 30 பாகை என்றால் கணவாயின் உயரத்தில் பூச்சியத்துக்குக் கீழே 5 என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். விடியற்காலையும் காற்றும் அதை இன்னும் கீழே இறக்கும். அதற்காக ஒரே தடிப்பான ஜக்கெற்றை வாங்கினால், ஏறும்போது வியர்த்து, நிற்கும்போது அந்த ஈரமே உறையும். உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளியோ பிளீஸோ, அதன்மேல் காற்றும் மழையும் புகாத உறை என்று மூன்றாக வைத்துக் கழற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பருத்தி வேண்டாம். நம் வெயிலுக்கு உகந்த அந்தத் துணி நனைந்தால் அங்கே காயவே காயாது. நான் ஒரு டெனிம் காற்சட்டை கொண்டுபோய் மூன்று நாட்கள் ஈரத்தோடு சுமந்தேன். இறகு ஜக்கெற்றையும் தூங்கும் பையையும் காத்மண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். பனியின் கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

முதுகுப்பை உங்கள் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாரம் தோளில் தொங்காமல் இடுப்புப் பட்டியில் இருக்க வேண்டும். சுமையாள் வைத்தால், அவரிடம் குளிருக்கு ஏற்ற உடையும் சப்பாத்தும் உண்டா என்று புறப்படுமுன் பாருங்கள். தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வரும் சுமையாட்களுக்கும் உயர்மலை நோய் வரும்.

மணல் நடை கெண்டைக்காலுக்கு நல்லது. ஆனால் முழங்காலைச் சோதிப்பது இறக்கம். கணவாயிலிருந்து அதற்கு அப்பால் உள்ள கோயில் தலமான முக்திநாத் வரை ஒரே நாளில் ஏறத்தாழ 1,600 மீற்றர் இறங்க வேண்டும். சிவனொளிபாதத்தின் படிகளில் பையோடு ஏறி, அவசரப்படாமல் இறங்கிப் பாருங்கள். இன்னொன்று: இரவில் தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேற்பரப்பிலிருந்து தொடங்குவதால் காலையில் வாய் அடைபடாது.

அங்கே சோறு கிடைக்குமா?
— ஒரு வாசகி, தம்பலகாமம்

வயலூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். பருப்பும் மரக்கறியும் சோறும் எல்லா விடுதிகளிலும் உண்டு, கேட்டால் இன்னொரு தரமும் போடுவார்கள். 4,450 மீற்றரில், அதாவது தொரோங் பேடியின் உயரத்தில், தண்ணீர் சுமார் 85 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அரிசியையும் பருப்பையும் அழுத்தக் குக்கரில்தான் வேகவைக்கிறார்கள்.

என் தகப்பனாருக்கு 67 வயது, உயர் குருதியழுத்தம் உண்டு. நடக்காமல், வாகனத்தில் முக்திநாத் தரிசனம் மட்டும் செய்துவரலாமா?
— ஓர் ஆசிரியை, சாம்பல்தீவு

முதலில் அவரைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். குளிசைகளை மாற்றவோ கூட்டவோ வேண்டுமா என்பதை அவரே சொல்ல வேண்டும். அவர் சம்மதித்தால் போகலாம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் கொள்ளும் அந்தத் தலத்துக்கு வயதானவர்கள் நிறையவே வருகிறார்கள்.

வாகனத்தில் போவதால் ஆபத்து நீங்கிவிடாது. பொக்காரா சுமார் 820 மீற்றர், முக்திநாத் ஏறத்தாழ 3,800 மீற்றர். ஜீப்பில் இந்த ஏற்றம் ஒரே பகலில் முடிந்துவிடும். வழியில் சுமார் 2,700 மீற்றரில் உள்ள ஜொம்சொம்மில் இரண்டு இரவுகள் தங்கி, மூன்றாம் நாள் காலையில் மேலே போய்த் தரிசித்துவிட்டு அன்றே இறங்கிவிடுங்கள். மேலே இராத் தங்க வேண்டாம். கோயிலின் பின்புறம் 108 தாரைகள் வரிசையாகக் கொட்டுகின்றன, அவை எல்லாவற்றின் கீழும் ஓடி நனைவது வழக்கம். கன்னியா வெந்நீரூற்றில் குளித்துப் பழகியவருக்கு அந்தத் தண்ணீர் முதல் தாரையிலேயே மூச்சைப் பிடித்துவிடும். தகப்பனார் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்ளட்டும்.