கடல்நீர்த் தொட்டியில் இரவில் நெளியும் புழுக்கள்: மருந்து ஊற்றலாமா?

கேள்வி: ஐயா, பெங்களூரு அல்சூரில் மாடி அறையில் நாலடிக் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீன் வளர்க்கிறேன். குஞ்சு எடுத்து விற்கும் எண்ணம் உண்டு. கடையில் வாங்கிய காய்ந்த கல்தான் போட்டேன். பிறகு ஜோவாந்திட் பாலிப் (பவளத்துக்கு உறவான, பூப்போல விரியும் கடல் உயிர்) இரண்டு துண்டு வாங்கி வைத்தேன். இப்போது இரவில் டார்ச் அடித்தால், இரண்டு பக்கமும் வெள்ளை முடி வைத்த இளஞ்சிவப்புப் புழுக்கள் கல்லுக்குள் ஓடி ஒளிகின்றன. மணலில் நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது. கண்ணாடியில் வெள்ளைச் சுருள் புள்ளிகளும் உண்டு. போன வாரம் இரவு மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில் ஒரு மீன் செத்துக் கிடந்தது, அதன் மேல் ஏழெட்டுப் புழுக்கள். மற்ற மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்தபடி நின்றன. ஊரில் ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைக் கொஞ்சம் ஊற்றலாமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள் அம்மா. பென்பென்டசோல் போன்ற மருந்து புழுவைக் கொல்லும்தான். ஆனால் நத்தைகளையும் சில மென்பவளங்களையும் சேர்த்தே கொல்லும். கல்லில் ஊறிவிட்டால் சீக்கிரம் போகாது. அதைவிடப் பெரிய ஆபத்து, கல்லுக்குள் இருக்கும் அத்தனை புழுவும் ஒரே இரவில் செத்து அழுகினால் அமோனியா ஏறிவிடும். மிச்சமிருக்கும் மீன்களும் போய்விடும்.

உங்கள் மீனைப் புழு கொன்றதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து நின்றன. பம்பு நின்றதும் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் நன்னீரைவிடக் குறைவான ஆக்சிஜன்தான் கரையும். அறை சூடாக இருந்தால் இன்னும் குறையும். செத்த மீனின் வாடை பட்டதும் புழுக்கள் கல்லிலிருந்து கிளம்பி வந்திருக்கின்றன. அவை தின்றிருக்காவிட்டால் அந்த உடல் அழுகித் தண்ணீரைக் கெடுத்திருக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று இன்றைக்கே வாங்கி வையுங்கள். அமோனியா டெஸ்ட் கிட்டில் அளவு பூஜ்யமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த முடிப்புழுவை மீன் வளர்ப்பவர்கள் பிரிசில் வார்ம் என்பார்கள். பாலிகீட் வகை, நம் மண்புழுவுக்கு உறவு. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு இந்த இனத்துப் புழுக்களைத் தீனியாகவே போடுகிறார்கள். உங்கள் தொட்டியில் மிஞ்சிய தீனி, மீன் கழிவு, செத்தது எல்லாவற்றையும் கல் இடுக்கில் புகுந்து தின்பது இதுதான். காய்ந்த கல்லில் எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். பாலிப் ஒட்டியிருந்த அந்தச் சின்னத் துண்டுக் கல்லில் குட்டியாக வந்திருக்கும். எண்ணிக்கை திடீரென்று பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள், புழு தானே குறையும்.

வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். அந்த வெள்ளை முடி தோலில் ஏறி ஒடிந்து நின்று நெருப்பாய் எரியும். ஏறிவிட்டால் தேய்க்காமல் செல்லோ டேப் ஒட்டி மெதுவாக உரித்தெடுத்து, வினிகர் தடவுங்கள். வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

மணலில் படரும் நூல்களை ஓர் இரவு பொறுமையாகப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. நூலில் ஒரு தீனித் துணுக்கு ஒட்டும். நூலின் பள்ளம் வழியே அந்தத் துணுக்கு குழாய்க்குள் இருக்கும் வாய்க்கு நகர்ந்து போகும். ஸ்பாகெட்டி புழு என்று பெயர். மீனையோ பாலிப்பையோ ஒன்றும் செய்யாது, மணலைச் சுத்தமாக வைக்கும். கண்ணாடியில் இருக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுண்ணாம்புச் சுருளும் புழுவின் வீடுதான், அதை விட்டுவிடலாம்.

பயப்பட வேண்டியவை வேறு. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பாருங்கள், சிவப்பு வெளிச்சத்துக்குப் புழு அவ்வளவாக ஓடாது. உடல் வானவில் போலப் பளபளத்து, முடி அடர்த்தியாக இல்லாமல், தலையில் ஐந்து உணர்கொம்பு தெரிந்தால் அது யூனிசிட் வகை. அதற்கு வலுவான தாடை உண்டு, பெரிதாக வளர்ந்தால் மீனையே பிடிக்கும். அதை விட்டுவைக்காதீர்கள். கல்லோடு தூக்கி வேறு பக்கெட் கடல்நீரில் வைத்துப் பிடியுங்கள். துருப்பிடித்த நிறத்தில், பின்பக்கம் வால் பிரிந்த தட்டைப்புழுக்கள் கண்ணாடியில் கூட்டமாக ஒட்டியிருந்தால் சைபன் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். அவை மொத்தமாகச் செத்தால் நஞ்சு கக்கும்.

முடிப்புழுவையே குறைக்க நினைத்தால், மூடியில் துளையிட்ட சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு துண்டு இறால் போட்டு விளக்கணைத்த பிறகு மணலில் படுக்க வையுங்கள். காலையில் உள்ளே இருப்பதை இடுக்கியால் எடுக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "உயிர்க்கல்" (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடல் கல்) என்று மன்னார் வளைகுடாப் பவளப்பாறையை உடைத்து யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நீங்கள் காய்ந்த கல் போட்டதே நல்லது.

குஞ்சு எடுக்கப்போகிறீர்கள் என்பதால், ஜோடி சேர்ந்த மீன்களை இந்தத் தொட்டியில் வைக்க வேண்டாம். மணலும் கல்லும் இல்லாத வெற்றுத் தொட்டி, முட்டையிட ஒரு மண்சட்டி அல்லது டைல், அது போதும். முட்டை ஆறிலிருந்து எட்டு நாளில், விளக்கணைத்த பிறகு பொரியும். அதற்குள் ரோட்டிஃபர் என்ற மிகச் சின்ன நீர்வாழ் உயிரின் வளர்ப்பைத் தயாராக வைத்திருங்கள், பொரித்த குஞ்சுக்கு முதல் தீனி அதுதான்.