தோட்டம் சுத்தலாம் வாங்க: அக்கா பதில்கள்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். கார் எடுத்துக்கிட்டு மொரீஷியஸ்ல ஊர் ஊரா தோட்டம் பாக்கப் போறது. அதனால இந்த தடவ சமையல் சந்தேகம், விசா சந்தேகம் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, ஆகஸ்ட்ல மதுரைல இருந்து மாமனார் மாமியார் வர்றாங்க. ரெண்டு பேருக்கும் பீச்னா அலுப்பு, செடி கொடின்னா உயிர். பாம்ப்ளமூஸ், க்யூர்பீப், சூயாக் மூணு தோட்டத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம், சின்ன தீவுதானேன்னு வீட்டுக்காரர் சொல்றார். மாமாவுக்கு முழங்கால் வலி வேற. முடியுமா?
(வாசகி, கத்ர போர்ன்)

பதில்: முடியும்மா, ஆனா எதையும் பாத்த மாதிரி இருக்காது. மேப்ல பாத்தா வடக்கு தெற்கா 65 கிலோமீட்டர்தான், உங்க வீட்டுக்காரர் சொல்றது கணக்குப்படி சரி. ஆனா இங்க நாள நடத்தறது தூரம் இல்ல, மேகம். தென்கிழக்குல இருந்து வர்ற கடல் காத்து நடு மேட்டுல ஏறும்போது குளிர்ந்து மழையா கொட்டிடும், அதனால க்யூர்பீப்ல தூறிக்கிட்டே இருக்கும், அதே நேரத்துல பாம்ப்ளமூஸ்ல வெயில் சுள்ளுன்னு அடிக்கும். ஆகஸ்ட்னா இங்க குளிர்காலம், மேட்டுல குளிரும், மதுரைக்காரங்க ஸ்வெட்டர் இல்லாம வந்தா பாவம். ரெண்டு நாளா பிரிச்சுக்கோங்க, வடக்குக்கு ஒண்ணு, தெற்குக்கு ஒண்ணு.

வடக்கு நாளுக்கு காலைல போர்ட் லூயி ட்ராஃபிக்ல போய் மாட்டிக்காதீங்க, வெர்டன் வழியா தெர் ரூஜ் போற ரோட்ட எடுங்க, மலையடிவாரம் ஒரு பக்கம், கரும்புக்காடு ஒரு பக்கம்னு கண்ணுக்கு நல்லா இருக்கும். பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்கு அரை நாள் குடுங்க. 1735ல பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொனே மோன் ப்ளெசிர்ங்கற இடத்த வாங்கி காய்கறித் தோட்டமா ஆரம்பிச்சது அது. அப்புறம் பியர் புவாவ்ர்னு செடிப் பைத்தியமான ஒரு பிரெஞ்சு அதிகாரி வந்தார். ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரங்க கைல மட்டுமே இருந்த காலம் அது, விதை கூட வெளிய விடாம காவல் காத்துக்கிட்டிருந்தாங்க, இவர் ஆள் அனுப்பி நாத்த எடுத்துட்டு வர வச்சு இங்க நட்டார். நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டில கிடக்கற சாமானுக்கு இவ்வளவு திருட்டும் கப்பலும் தேவைப்பட்டிருக்குன்னு மாமியார்கிட்ட சொல்லுங்க, ரசிப்பாங்க.

எல்லாரும் போட்டோ எடுக்கறது அந்த ராட்சச அல்லிக்குளத்த, அமேசான்ல இருந்து வந்த விக்டோரியா அல்லி, இலை ஒவ்வொண்ணும் வடை சட்டி மாதிரி விளிம்பு மடிஞ்சு மிதக்கும். பூ மொத சாயங்காலம் வெள்ளையா விரியும், மறுநாள் ரோஸ் ஆயிடும். ஆனா என்னைக் கேட்டா மாமாவ தாளிப்பனைகிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்தக் காலத்துல நம்ம ஊர்லயும் இலங்கைலயும் ஏடு எழுதறதுக்கு எடுத்த ஓலைகள்ல இதுவும் ஒண்ணு. முப்பது வருஷம், அம்பது வருஷம், சிலது அதுக்கும் மேல சும்மா வளர்ந்துக்கிட்டே இருந்து, ஒரே ஒரு தடவ உச்சில பெரிய கொத்தா பூத்து காய்ச்சு செத்துப்போயிடும். பூத்திருக்கற நேரத்துல நீங்க போனா அது உங்க அதிர்ஷ்டம். நாட்டோட மொத பிரதமர் சிவசாகர் ராம்கூலம் சமாதியும் உள்ளதான் இருக்கு, தோட்டத்துக்கு இப்ப அவர் பேர்தான்.

முழங்கால் விஷயம்: பாதை எல்லாம் சமதளம், ஏத்தம் கிடையாது. ஆனா இடம் பெருசு, மரத்துல பேர்ப்பலகையும் எல்லாத்துலயும் இருக்காது. கேட்ல அடையாள அட்டையோட கைடு நிப்பாங்க, ஒருத்தர வச்சுக்கோங்க, குறுக்கு வழில கூட்டிட்டுப் போவாங்க, இலைய கசக்கி மோந்து பாக்கச் சொல்லி இது என்னன்னு கேப்பாங்க, மாமியார் எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லிடுவாங்கன்னு நெனைக்கிறேன். டிக்கெட்ல உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு ரேட், வெளிநாட்டுக்காரங்களுக்கு வேற ரேட், உங்க ஐடிய மறக்காம எடுத்துட்டுப் போங்க.

தெற்கு நாள்ல சீக்கிரம் கிளம்பி மொதல்ல க்யூர்பீப், ஏன்னா மதியத்துக்கு மேல அங்க மேகம் இறங்கிடும். அப்புறம் புவா ஷெரி தேயிலைத் தோட்டம், 1892ல ஆரம்பிச்சது, ஃபேக்டரி பாத்துட்டு மேல குன்றுல ஏரிய பாத்துக்கிட்டே டீ குடிக்கலாம். வெனிலா டீதான் இங்க ஃபேமஸ், எனக்கு அது பிடிக்காது, ஏலக்காய் போட்ட நம்ம டீக்கு முன்னாடி அது எம்மாத்திரம். அங்கிருந்து இறக்கத்துல செந்த் ஓபேன் பழைய பங்களா, வெனிலா எப்படி வளக்கறாங்கன்னு காட்டுவாங்க. பூ ஒரு காலைதான் விரிஞ்சிருக்கும், அதுக்குள்ள ஒவ்வொண்ணா கையால மகரந்தம் சேக்கணும். இந்த வித்தைய 1841ல கண்டுபிடிச்சது பக்கத்துத் தீவு ரீயூனியன்ல எட்மோன் அல்பியுஸ்னு பன்னெண்டு வயசு அடிமைப் பையன். கடைசில சூயாக், டெல்ஃபேர் தோட்டம்.

கேள்வி: டெல்ஃபேர் தோட்டத்துல அப்படி என்ன இருக்கு? நாலு ஆலமரம்தானேன்னு ஆபீஸ்ல சிரிக்கறாங்க.
(வாசகர், எபேன்)

பதில்: ஆமா, ஆலமரமும் வாதுமை மரமும்தான். டிக்கெட் கிடையாது, அரிய செடி எதுவும் கிடையாது. நிழல் மட்டும் தாராளமா இருக்கு, எதிர்ல கடல். ஞாயித்துக்கிழமை பெரிய குடும்பங்க பாய், பாத்திரத்தோட வந்து உக்காந்திருக்கும், ஒரு பக்கம் சேகாங்கற இந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டு, ஒரு பக்கம் பிரியாணி வாசனை. நீங்களும் புளிசாதம் கட்டிக்கிட்டுப் போங்க. இல்லேன்னா வழில டால் பூரி வாங்கிக்கோங்க, சைவத்துக்கு அதவிட நிம்மதியான சாப்பாடு ரோட்டோரத்துல இல்ல. தண்ணில மட்டும் இறங்க வேண்டாம். பக்கத்துல கிரி கிரிங்கற கடற்கரைல பவளப்பாறை வளையம் விட்டுப் போயிருக்கறதால அலை நேரா கரைக்கு வந்து அடிக்கும், அந்த அழக மேல நின்னு பாத்தா போதும்.

கேள்வி: க்யூர்பீப் தோட்டத்துல உலகத்துலயே ஒத்தையா நிக்கற பனை இருக்காமே, பாக்கற மாதிரி இருக்குமா?
(வாசகி, த்ரியோலே)

பதில்: பாக்க ஒண்ணும் இல்லம்மா, நேராவே சொல்லிடறேன். ஒல்லியா ஒரு மரம், உச்சில கொஞ்சம் மட்டை, சுத்தி வேலி. தெரியாம போனா பக்கத்து மரத்த போட்டோ எடுத்துட்டு வந்துடுவீங்க. ஆனா கதை தெரிஞ்சு போனா அந்த இடத்த விட்டு நகர மனசு வராது. ஹையோஃபோர்பே அமரிகாலிஸ்ங்கற அந்த இனத்துல உயிரோட இருக்கறதா தெரிஞ்சது இது ஒண்ணுதான். பூக்கும், ஆனா ஆண் பூ ஒரு சமயம் பெண் பூ ஒரு சமயம்னு வர்றதால தன்னோட தானே காய் பிடிக்கறது கஷ்டம். அபூர்வமா கிடைச்ச விதைல இருந்து கருவ எடுத்து லேப்ல வளர்த்துப் பாத்தாங்க, முளைச்சுது, மண்ணுக்கு மாத்தினதும் நிக்கல. தோட்டத்துக்கே 1870ல இருந்து வயசு. பாத்துட்டு அப்படியே த்ரூ ஓ செர் எரிமலை வாய்க்கு வண்டிய விடுங்க, மேகம் இல்லாத காலையா இருந்தா நாலாபக்கமும் மலை தெரியும்.

கேள்வி: கோயம்புத்தூர்ல இருந்து ஹனிமூன் வர்றோம். நானே ஓட்டலாம்னு இருக்கேன். ரோடு எப்படி மேடம்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இங்கயும் இடது பக்கம்தான், நம்ம ஊர்ல ஓட்டினவங்களுக்கு அரை மணி நேரத்துல கை பழகிடும். ரவுண்டானாலதான் நம்மாளுங்க தடுமாறுவாங்க: உள்ள சுத்திக்கிட்டு வலது பக்கம் இருந்து வர்றவங்களுக்கு வழி விடணும், ஹாரன் அடிச்சு நுழையற வேலை இங்க நடக்காது. ஸ்பீட் கேமரா நிறைய. கிராமத்து ரோடு குறுகலா இருக்கும், ஓரத்துல மண்ணே இல்லாம நேரா பள்ளமா வாய்க்கால் ஓடும், எதிர்ல பஸ் வந்தா பதறி ஒதுங்கிடாதீங்க. ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கரும்பு வெட்டு, லாரிக்குப் பின்னாடி ஊர்ந்துதான் போகணும். ஆனா அதுல ஒரு லாபம் இருக்கு: வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல கரும்பு நின்னு வளைவையும் காட்சியையும் மறைக்கும், வெட்டினதுக்கு அப்புறம் மலை வரைக்கும் திறந்து கிடக்கும்.

தோட்டம் தவிர ஒரே ஒரு ரோடு ஓட்டணும்னா ப்ளேன் ஷாம்பேன் ரோடு, பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள்ள போகும், ரெண்டு வியூ பாயிண்ட்டும் நிறுத்திப் பாருங்க. ஷமரெல் வழியா பே து காப் இறங்கி கடலோரமாவே லெ மோர்ன் வரைக்கும் போங்க. மேட்டுல பனிமூட்டம் வந்தா லைட் போட்டுக்கோங்க. குளிர்காலத்துல ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும், அந்த இறக்கத்த வெளிச்சத்துலயே முடிச்சிடுங்க.

கேள்வி: எந்த மாசம் போனா கலர்ஃபுல்லா இருக்கும்?
(வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: நவம்பர் கடைசில இருந்து ஜனவரி வரைக்கும் ரோட்டோரம் முழுக்க குல்மோகர் செக்கச்செவேல்னு பூத்திருக்கும், அல்லிக்குளமும் வெயில் காலத்துலதான் நிறைஞ்சிருக்கும். ஆனா அது புயல் சீசனும் கூட, வார்னிங் ஏற ஆரம்பிச்சா தோட்டமாவது மண்ணாவதுன்னு வீட்டுல இருந்துடுங்க. மே கடைசி, ஜூன் வாக்குல கரும்பு பூத்து வெள்ளி மாதிரி மினுங்கும், அதே சமயம் ப்ளேன் ஷாம்பேன் ஓரத்துல சீனாக் கொய்யா சிவப்பா பழுத்திருக்கும், சனம் பக்கெட்டோட இறங்கிடும். உப்பும் மொளகாயும் சேத்து சாப்பிட்டா அடடா. வேடிக்கை என்னன்னா அந்தச் செடி உள்ளூர்க் காட்ட முழுங்கற களை, பிடுங்கறதுக்கே பூங்காக்காரங்க படாத பாடு படறாங்க, நாம பழத்துக்கு அடிச்சுக்கறோம்.

கேள்வி: பசங்களுக்கு மரம் பாத்தா போர் அடிக்குது. என்ன செய்ய?
(வாசகர், வக்வா)

பதில்: பாம்ப்ளமூஸ்லயே ராட்சச ஆமைங்களும் மானும் இருக்கு, மொதல்ல அங்க கூட்டிட்டுப் போயிட்டு அப்புறம் மரத்துக்கு வாங்க. தெற்கு ரூட்னா ரிவியேர் தேஸாங்கில்ல லா வனிய், முதலை, ஆமை ரெண்டும் உண்டு, சூயாக் போற வழிதான். இன்னொண்ணு, மகாசிவராத்திரி வாரத்துல கங்கா தலாவ்ங்கற புனித ஏரிப் பக்கம் கார எடுக்காதீங்க, ரோடு பூரா காவடி தூக்கி நடந்து வர்ற பக்தருங்க, புவா ஷெரி போற வழியும் அடைபட்டுடும், பசங்க பின்சீட்ல அழுது தீர்த்துடுவாங்க.