"பார்த்துச் செய்கிறேன்" என்றவருக்கு அந்த அதிகாரம் உண்டா?

கேள்வி: நான் மூன்றாண்டு இளங்கலை அறிவியல் படிப்பில் சேர்ந்தவன். படிப்புக் காலத்துக்குப் பிறகு அரியர் எழுத அளிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளும் கடந்த பருவத்தோடு முடிந்துவிட்டன. இரண்டு தாள்கள் மட்டுமே பாக்கி. அந்தக் காலத்தில் தந்தை நோய்வாய்ப்பட்டு இறந்ததால் குடும்பப் பொறுப்பு முழுவதும் என் மேல் விழுந்தது. ஒரு தாளில் துறைத் தலைவர் தனிப்பட்ட வெறுப்பால் என்னைத் தோல்வியடையச் செய்தார் என்று நம்புகிறேன். எனக்கு முன்பு படித்த ஒருவருக்குக் காலம் கடந்த பிறகும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரை மூன்று முறை நேரில் சந்தித்தேன். முதலில் மறுத்தவர் இப்போது மனம் இளகி, "தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள், பார்த்துச் செய்கிறேன்" என்கிறார். உங்களுக்கே உடல்நலமில்லை என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் வைத்தால் கோப்பு எளிதாக நகரும் என்று அங்குள்ள ஊழியர் ஒருவர் சொல்கிறார். அலுவலரை முழுமையாகச் சம்மதிக்க வைக்க மனுவை எப்படி எழுத வேண்டும்? அல்லது உயர் நீதிமன்றத்துக்குப் போவதே நல்லதா?

பதில்: உங்கள் தந்தையின் மறைவுக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் நீண்ட கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான வரி ஒன்றே ஒன்றுதான். அதையும் நீங்கள் நல்ல செய்தியாக நினைத்துப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். "பார்த்துச் செய்கிறேன்" என்று சொன்னவருக்கு அதைச் செய்ய உங்கள் பல்கலைக்கழக விதிகள் அதிகாரம் அளிக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதிகாரம் இல்லாதவரை எவ்வளவு திறமையாக எழுதிச் சம்மதிக்க வைத்தாலும் அதனால் பயனில்லை. பயனில்லாமல் போவதோடு அது நின்றுவிடாது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

துறைத் தலைவர் மீதான புகாரை இப்போதே மறந்துவிடுங்கள். உள்நோக்கம் என்று சொன்னால் நாள், சம்பவம், சாட்சி ஆகியவற்றோடு சொல்ல வேண்டும். அவரைப் பெயரிட்டு எதிர்மனுதாரராகவும் சேர்க்க வேண்டும். அந்தத் தாளுக்கு மறுமதிப்பீடு கேட்கும் காலத்தில் நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. மதிப்பீடு போன்ற கல்வி சார்ந்த முடிவுகளில் கல்வி அமைப்புகளின் கருத்துக்குப் பதிலாகத் தன் கருத்தை வைக்க நீதிமன்றம் மிகவும் தயங்க வேண்டும் என்பது, மகாராஷ்டிர மாநிலத் தேர்வு வாரிய வழக்கில் 1984ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட நிலைப்பாடு. இந்தப் புகாரை மனுவில் சேர்த்தால், உங்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டிய கூட்டத்தில் உங்களுக்கு எதிராகப் பேச ஒருவரை நீங்களே உட்கார வைத்ததாகிவிடும்.

முன்பு வாய்ப்புப் பெற்ற மாணவரைப் பற்றிய செய்தி வேறு வகையில் பயன்படும். அவருக்கு விதியை மீறிச் சலுகை காட்டப்பட்டிருந்தால் அதே மீறலை எனக்கும் செய்யுங்கள் என்று சமத்துவத்தைப் பேசும் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவின் கீழ் கேட்க முடியாது. சண்டிகர் நிர்வாகத்துக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆனால் அவருக்கு முறைப்படி வாய்ப்பளிக்கப்பட்டிருந்தால், அதற்கு ஏதோ ஒரு குழு எந்த விதியின் கீழோ தீர்மானம் நிறைவேற்றியிருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். மாணவரின் பெயரையோ மதிப்பெண்ணையோ கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். ஆகவே "படிப்பை முடிக்கும் உச்ச காலம் கடந்த மாணவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு வழங்குவது தொடர்பான தீர்மானங்கள்" என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். யாரிடம், எந்த விதியின் கீழ் மனு செய்ய வேண்டும் என்பதை அந்த நகல் சொல்லிவிடும்.

பட்டப்படிப்பை முடிக்கும் உச்ச காலம் பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, படிப்பின் குறைந்தபட்சக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகள் வரை அனுமதிக்கலாம். விதிவிலக்கான சூழ்நிலையில், ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியாகப் பார்த்து, மேலும் ஓர் ஆண்டு வழங்கலாம். அந்தக் கூடுதல் காலத்தில் மாணவர் தனித்தேர்வராகக் கருதப்படுவார், தரவரிசையில் இடம்பெற மாட்டார். நீங்கள் நிற்பது அந்த மூன்றாவது ஆண்டின் வாசலில். ஆனால் அது "வழங்கலாம்" என்ற வழிகாட்டுதலே தவிர, "வழங்க வேண்டும்" என்ற கட்டளை அல்ல; உங்கள் பல்கலைக்கழகம் அதைத் தன் ஒழுங்குமுறை விதிகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். (மருத்துவ மாணவர்கள் இதைப் படித்து நம்பிக்கை கொள்ள வேண்டாம். எம்.பி.பி.எஸ். படிப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டு என்ற எல்லையைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளே வகுத்திருக்கின்றன. அதைத் தளர்த்தத் துணைவேந்தராலும் இயலாது.)

உச்ச காலத்திலிருந்து விலக்களிக்கும் விதி இருக்குமானால் அந்த அதிகாரம் பெரும்பாலும் ஆட்சிக்குழுவிடமோ கல்விக்குழுவிடமோ இருக்கும். அவசர நேரத்தில் துணைவேந்தர் முடிவெடுத்துப் பின்னர் குழுவின் ஒப்புதலைப் பெறலாம் என்றும் பல பல்கலைக்கழகச் சட்டங்களில் உண்டு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தேர்வை நடத்துபவர். யார் தேர்வு எழுதத் தகுதியுள்ளவர் என்ற விதியை மாற்றுபவர் அல்ல.

இப்போது நான் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். அலுவலரின் நல்ல மனத்தால் உங்கள் கட்டணம் ஏற்கப்படுகிறது, ஹால் டிக்கெட் வருகிறது, இரண்டு தாள்களையும் எழுதித் தேறியும் விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது வேறொரு பிரிவு உங்கள் கோப்பைத் திறந்து, சேர்ந்த ஆண்டையும் தேறிய ஆண்டையும் கழித்துப் பார்த்து, "உச்ச காலம் கடந்தவர், விலக்காணை எங்கே?" என்று கேட்கும். அதற்குள் அந்த அலுவலர் மாற்றலாகியிருப்பார், அல்லது ஓய்வுபெற்றிருப்பார். அவர் வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் இருக்காது. இந்த நிலையில் வேலையில் சேர்ந்த பின்பும், மேற்படிப்பில் ஓராண்டு கடந்த பின்பும் என் வழக்கறிஞர் அலுவலகப் படியேறியவர்கள் உண்டு. வாய்ப்பே கிடைக்காதவரைவிட அவர்கள் நிலைமை மோசம். ஏனென்றால் வாய்ப்புக் கிடைக்காதவர் குறைந்தது அந்த ஆண்டுகளை வேறொன்றில் செலவிட்டிருப்பார்.

"என்னைத் தேர்வு எழுத விட்டுவிட்டு இப்போது மறுக்கலாமா?" என்று அவர்கள் எல்லோரும் கேட்பார்கள். இதற்குச் சட்டத்தில் இரண்டு பதில்கள் உண்டு. குருக்ஷேத்திரப் பல்கலைக்கழகம் தொடர்பான 1976ஆம் ஆண்டு வழக்கில், வருகைப் பதிவு குறைவான ஒரு சட்ட மாணவரைத் தேர்வு எழுத அனுமதித்த பிறகு, அந்தக் குறையைக் காட்டி அவரைத் தகுதியற்றவராக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் எதையும் மறைக்கவில்லை, தேர்வுக்கு முன்பே சரிபார்த்திருக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை என்பது காரணம். ஒருமுறை அனுமதித்துவிட்டுப் பிறகு அதற்கு மாறாகப் பேசக் கூடாது என்ற, எஸ்டாப்பல் எனப்படும் முரண்தடை இங்கே மாணவருக்குத் துணை நின்றது. மகரிஷி தயானந்த பல்கலைக்கழகம் தொடர்பான 2010ஆம் ஆண்டு வழக்கில் அது துணை நிற்கவில்லை. ஒரே காலத்தில் இரண்டு படிப்புகளில் சேர்ந்ததால் பி.எட். சேர்க்கையை இழந்த ஒரு மாணவி, பழைய மாணவர்களுக்கென வந்த ஓர் அறிவிப்பைக் கொண்டு துணைத் தேர்வு எழுதித் தேறினார். ஆனாலும் பட்டம் கிடைக்கவில்லை, நுகர்வோர் மன்றங்களில் அவர் பெற்ற வெற்றியும் நிலைக்கவில்லை. விதிக்கு மாறாகச் செயல்படும்படி பல்கலைக்கழகத்தைப் பணிக்க முரண்தடையைப் பயன்படுத்த முடியாது என்றும், மாணவர் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் அல்லர் என்றும் நீதிமன்றம் கூறியது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

இந்த இரண்டில் உங்கள் வழக்கு எந்தப் பக்கம் விழும் என்பது உங்கள் கண்ணீரைப் பொறுத்ததல்ல. தளர்த்தக்கூடிய விதியை அதிகாரமுள்ளவர் கவனிக்காமல் விட்டாரா, தளர்த்தவே முடியாத விதியை அதிகாரமற்றவர் மீறினாரா என்பதைப் பொறுத்தது. உங்களிடம் இளகியவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவச் சான்றிதழ் யோசனையைச் சொன்ன ஊழியரிடம் மறுபடி பேசவே வேண்டாம். போலி ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்துவது குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆவது பிரிவின் கீழ் குற்றம். சிறைத் தண்டனைக்கு இடமுள்ளது. அது ஒருபுறம் இருக்கட்டும். உங்களிடம் தந்தையின் மருத்துவமனைப் பதிவுகளும் இறப்புச் சான்றிதழும் இருக்கின்றன. அவை யாரும் மறுக்க முடியாத உண்மைகள். அதே கோப்பில் பொய்யான ஒரு தாளைச் சேர்த்தால், சரிபார்ப்பில் அது பிடிபடும் நாளில் உண்மையான தாள்களையும் எவரும் நம்ப மாட்டார்கள். குருக்ஷேத்திர மாணவர் பிழைத்ததே அவர் எதையும் மறைக்கவில்லை என்பதால்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற உங்கள் எண்ணம் பாதிதான் சரி. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம்; பெரும்பாலும் ஓர் உத்தரவும் கிடைக்கும். "மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்ற அந்த உத்தரவை வெற்றி என்று எண்ணி இனிப்பு வழங்கிய, என்னிடம் வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். பரிசீலிக்கச் சொன்னால் பரிசீலித்து மறுக்கலாம் என்றுதான் பொருள். இத்தகைய உத்தரவுகள் எப்படி உரிமையற்ற கோரிக்கைக்குப் போலியான உயிர் கொடுக்கின்றன என்பதை சி. ஜேக்கப் வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இடைக்கால உத்தரவு பெற்றுத் தேர்வு எழுதுவது இன்னும் ஆபத்தானது. கல்வி வழக்குகளில் இரக்கத்தால் மட்டுமே வழங்கப்படும் இடைக்கால உத்தரவுகள் யாருக்கும் நன்மை செய்வதில்லை என்று குருநானக் தேவ் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 1993இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எழுதிய தேர்வின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டு, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, கடைசியில் தள்ளுபடியானால் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே அலுவலரைச் சம்மதிக்க வைப்பதை விட்டுவிட்டு, விலக்களிக்கும் அதிகாரமுள்ள குழுவுக்குப் பதிவாளர் வழியாக ஒரே பக்கத்தில் மனு எழுதுங்கள். எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள், எந்த இரண்டு தாள்கள், தந்தையின் சிகிச்சைக் காலம் எந்தெந்தத் தேர்வுகளோடு ஒன்றிப்போனது, ஓர் ஆண்டுக்குள் முடிப்பீர்கள் என்பது ஆகியவை போதும். கட்டுப்பாட்டு அலுவலர் உண்மையிலேயே உதவ விரும்பினால், அந்த மனுவைப் பரிந்துரையோடு குழுவின் முன் வைக்கச் சொல்லுங்கள். அது அவர் அதிகாரத்துக்கு உட்பட்ட உதவி. பணிவு காட்டுவதாக நினைத்து "விதியில் இடமில்லை என்று தெரிந்தும் கேட்கிறேன்" என்று பலர் எழுதுகிறார்கள். பின்னாளில் பல்கலைக்கழகம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் எதிர் உறுதிமொழிப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் அந்த வரி மேற்கோள் குறிகளுக்குள் வந்து நிற்கும். அதை எழுதாதீர்கள்.

குழு நிபந்தனைகளோடு இசைந்தால், தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய தாள்களுக்கு ஈடாகப் புதிய பாடத்திட்டத்தில் உள்ள தாள்களை எழுதச் சொல்லலாம், தனித்தேர்வர் என்று குறிக்கலாம், இதற்குமேல் வாய்ப்புக் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்கலாம். பழைய பாடத்திட்டம்தான் வேண்டும் என்று வாதாடிக் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் சொல்லாமல் மறுத்தால் மட்டும், மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை விதிகளின் கீழ் குறைதீர்ப்புக் குழுவுக்கும், அதன் முடிவு கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் குறைதீர்ப்பாளருக்கும் செல்லுங்கள். விலக்களிக்கும் விதியே இல்லை என்று காரணத்தோடு மறுத்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். தேறிய தாள்களின் மதிப்பலகுகளை (கிரெடிட்) ஏற்கும் வேறொரு பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியுமா என்று விசாரிக்க வேண்டியது அதன் பிறகுதான். அதுவரை மாற்றுச் சான்றிதழை வாங்காதீர்கள், வாங்கினால் நீங்களே விலகிக்கொண்டதாக எழுதிவிடுவார்கள்.

குழு கூடுவதற்குள் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் வந்துவிட்டால் கட்டணத்தைக் கட்டலாம். ஆனால் உச்ச காலம் முடிந்துவிட்டது, விலக்குக் கோரி இன்ன நாளில் கொடுத்த மனு நிலுவையில் உள்ளது, அதன் முடிவுக்கு உட்பட்டே கட்டணம் செலுத்துகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்து, அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.