வெயில் இறங்கிய பிறகு யார் மின்சாரம் தருவது?

கேள்வி: நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்று 2025இல் அரசு அறிவித்தது. பிறகும் அனல்மின் நிலையங்களை மூடாதது ஏன்?
(வாசகி, திண்டிவனம்)

பதில்: திறன் வேறு, உற்பத்தி வேறு, அம்மா. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் நாற்காலி கிடப்பதால் ஆயிரம் பேர் சாப்பிட்டதாக ஆகாது. சோலார் தகடு நாளுக்கு ஐந்தாறு மணி நேரம்தான் முழு மூச்சாக வேலை செய்யும். நிலக்கரி ராப்பகலாக எரியும். அதனால்தான் நாம் செலவழிக்கும் நூறு யூனிட்டில் ஏறக்குறைய எழுபது இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது.

மின் வாரியத்தில் பல ஆண்டுகள் லோடை, அதாவது மின் தேவையின் ஏற்ற இறக்கத்தை, கவனித்தவன் நான். இப்போது தலைவலி மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. வெயில் இறங்கும் அதே நேரத்தில் வீட்டுக்கு வீடு விளக்கும் ஏசியும் கிரைண்டரும் ஏறும். காற்றாலையை நம்பலாமா? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். தை மாதம் முப்பந்தலில் இறக்கைகள் அசையாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அனல்மின் நிலையத்துப் பாய்லரைக் காலையில் அணைத்து மாலையில் பற்றவைப்பதும் எளிதல்ல, ஆறிப்போனதைச் சூடேற்றப் பல மணி நேரமாகும். ஆகவே நண்பகலில் தேவை குறைந்தாலும் தீயைத் தணித்து எரியவிட்டே காத்திருக்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் மலையைக் குடைந்து அமைத்த 400 மெகாவாட் நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்தே இருக்கிறது. ஊர் உறங்கிய பின் இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது திறந்துவிட்டு அதே எந்திரத்தை மறுபக்கம் சுழலவிட்டு மின்சாரம் எடுப்போம். ஏற்ற நூறு யூனிட் செலவானால் எடுப்பது எண்பதுக்குள்தான். இந்த நஷ்டக் கணக்கைப் பார்த்து முகம் சுளித்த அதிகாரிகளை நான் அறிவேன். நண்பகலில் வாங்க ஆளில்லாத சோலார் மின்சாரத்தால் ஏற்றினால் அந்த நஷ்டம் யாருக்கு வலிக்கப்போகிறது? இந்த மாதிரி நிலையங்களும் பேட்டரிகளும் பெருகினால்தான் பாய்லரை அணைக்க எனக்குத் தைரியம் வரும்.

கேள்வி: 2070க்குள் இந்தியாவின் கரி உமிழ்வு நிகரப் பூஜ்யம், அதாவது காற்றில் விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமம் ஆகும் என்கிறார்கள். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியான என் மகன் கதி?
(ஒரு தகப்பன், நெய்வேலி)

பதில்: உங்கள் ஊரில் 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் நின்றது நினைவிருக்கும். ஆயிரம் மெகாவாட்டில் புதிய நிலையம் எழுந்ததால் பழுப்பு நிலக்கரிக்கு வேலை குறையவில்லை. அடுத்த முறை அப்படி இருக்காது. தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி என்ற நிலக்கரி மின் நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டது. உலக வங்கிப் பணம், சோலார், பயிற்சி மையம் என்று திட்டமெல்லாம் இருந்தது. நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. எனக்குக் கவலை அங்கேதான். மகனுக்கு வெல்டிங்கோ எலெக்ட்ரிக்கலோ தெரியுமா, வயது என்ன என்று எழுதுங்கள். அடுத்த இதழில் விரிவாகப் பேசுவோம்.